கூட்டம் கூட்டியவன்

மாட்டை அவிழ்க்க வேண்டிய நேரத்தில் சென்னியப்பன் கட்டுத்தரைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். தலையில் கட்டியிருக்க வேண்டிய துண்டு கையில் சுருண்டு கிடந்தது. காங்கேயம் காளைகள் இரண்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்த குமாரசாமிக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. பத்து வருஷமாக இந்தப் பண்ணையத்தில் ஏர் ஓட்டுகிறவன். மழையோ, காய்ச்சலோ, பொங்கலோ, மாட்டை அவிழ்க்கப் பிந்தியதே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் குமாரசாமி வாசலுக்கு வந்தான்.

"என்ன சென்னியப்பா, ஏர் பூட்டலையா?"

அவன் எழுந்து நின்றான். "அவ ஊட்டுக்கு வரமாண்டேங்கறாளுங்க, சின்னப் பண்ணாடி."

"எவ?"

"எம்பொண்டாட்டி கருப்பாத்தாதானுங்க. அன்னைக்கு நீங்க துரும்பு கிள்ளிக் காட்டச் சொன்னீங்கல்லொ, அன்னையிலிருந்து அவ ஆத்தா சாளையிலதான் கெடக்கறா. கூப்புடப் போனா, நமக்குள்ள தீந்து போச்சு, போய்க்கங்கறாளுங்க."

குமாரசாமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தும்விட்டான். சென்னியப்பனும் கூடவே சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. "வெளையாட்டுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வந்துருவாளுங்க" என்றான்.

குமாரசாமி சென்னையில் சட்டம் படித்தவன். படித்து முடித்தவன் கோயமுத்தூரில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை. இவனோ பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை வாங்கிக்கொண்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். டாக்டர் என்றதும் உறவில் பலர் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கை நீட்டினார்கள். கல்யாண வீடுகளில் அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். "வக்கீலுக்குப் படிச்சுப்போட்டு, வளவு வளவாப் போயி நாயம் கேட்டுட்டு இருக்கறானாமா. அதுக்குச் சர்க்கார்ல சம்பளம் வேற குடுக்கறாங்களாமா." சர்க்கார் இல்லை, பல்கலைக்கழகம் என்று குமாரசாமி திருத்துவான். யாருக்கு வேண்டும் அந்தத் திருத்தம்!

வேடிக்கைக்கு அவன் இதில் இறங்கவில்லை. மாணவனாக இருந்தபோது ஒரு தீர்ப்பைப் படித்தான். ஏதோ ஒரு ஜில்லாவில் ஒரு கூலிக்காரி. புருஷன் ஊர்க்கூட்டத்தில் துரும்பு கிள்ளிக் கொடுத்து அவளைத் தீர்த்துவிட்டான். அவள் வேறொருவனோடு வாழப் போனாள். சில வருஷம் கழித்து முதல் புருஷன் பிராது கொடுக்க, புருஷன் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்த குற்றத்துக்காக அவள் ஜெயிலுக்குப் போனாள். இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக வாயால் சொல்கிறார்களே தவிர, அது எந்த நூலிலும் இல்லை, நிச்சயமானதாகவும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார் நீதிபதி. குமாரசாமி அன்று இரவு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தான். எழுதாததுதானே குற்றம், நான் எழுதுகிறேன் என்று கிளம்பியவன் அவன். மனுஷருக்கும் மனுஷருக்கும் நடுவே இருக்கும் பாத்தியதைகளைப் பற்றிய சட்டம் முழுவதும் பெரிய வீட்டுச் சொத்துக்காகவே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது, இந்த ஜனங்களின் கல்யாணமும் அறுப்பும் அதில் ஒரு அத்தியாயமாவது ஆகட்டும் என்பது அவன் ஆசை.

பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கேள்விப்பட்டதை எழுதாதே, கண்ணால் கண்டதை எழுது. பரீட்சை செய்கிறவர்கள் லண்டனில் இருக்கிறார்கள், எந்தக் கை, எந்தத் திசை என்று கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பினார். நல்ல நிபந்தனைதான். ஆனால் இவன் உதவித்தொகை தீருவதற்குள் எந்தப் புருஷன் பெண்டாட்டி அறுத்துக்கொள்வார்கள் என்று எங்கே போய்க் காத்திருப்பது? பண்ணையாட்கள் குடியிருக்கும் வளவில் கடைசியாகத் துரும்பு கிள்ளியது பஞ்சம் வந்த வருஷமாம். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஐயாசாமியைக் கூப்பிட்டான். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் வளவுக்கு ஐயாசாமிதான் பெரியதனக்காரர். அங்கே நல்லது கெட்டது எதுவும் அவர் முன்னால்தான்.

"சும்மா ஒரு தடவை நடத்திக் காட்டுங்க, ஐயாசாமி. நான் பார்த்து எழுதிக்கணும்" என்றான். சென்னை போய் வந்ததிலிருந்து வயதில் பெரியவர் யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். அந்த மரியாதை ஐயாசாமிக்குச் சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும்.

"வாயில சொல்றனுங்களே, பண்ணாடி. அதப் போயி நடத்தறதுன்னா..." என்று அவர் இழுத்தார்.

"நடத்தினாத்தான் எழுத முடியும்."

நிலக்காரப் பண்ணாடி வீட்டுப் பிள்ளை இரண்டாம் தரம் கேட்டால் முடியாது என்று சொல்ல அந்த வளவில் யாருக்கு வாய் இருக்கிறது? பொழுது சாய்வதற்குள் மாரியம்மன் கோயில் வேம்படியில் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் துரும்பு கிள்ள ஜோடி வேண்டுமே. ஒருவரும் முன்னால் வரவில்லை. கல்யாணம் ஆகாத இரண்டு பேரை நிறுத்தலாம் என்று குமாரசாமி சொன்னதற்கு, கட்டாததை எப்படிங்க அறுக்கறது என்று கேட்டார் ஐயாசாமி. அப்போதுதான் சென்னியப்பன் எழுந்தான். கள்ளு குடித்திருந்தான். "நானும் எம்பொண்டாட்டியும் காட்டறம்ங்க. படிச்ச பண்ணாடி ஆசப்படறாங்க, இதுக்குப் போயி ரோசன பண்றீங்களே" என்று சிரித்தான். கூட்டமே சிரித்தது. கருப்பாத்தாள் மட்டும், "இருங்க, வாரன்" என்று சொல்லிவிட்டுத் தன் சாளைக் குடிசைக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு நடந்ததெல்லாம் குமாரசாமியின் அத்தியாயத்தில் இருக்கிறது. சோளத்தட்டையில் ஒரு துரும்பு. புருஷன் அதைக் கிள்ளி ஒரு துண்டைக் கொடுக்க, பெண்டாட்டி வலது கையில் வாங்கிக் கீழே போட வேண்டும். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமானை அவள் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருக்க வேண்டும். பிறகு அவள் கிழக்கே, அவன் மேற்கே. திரும்பிப் பார்க்கக் கூடாது. கூட்டத்தைக் கூட்டியவர் இருவருக்கும் நடுவில், அவர்கள் கண்ணுக்கு மறையும் வரைக்கும் நிற்க வேண்டும். அன்று கூட்டியவன் குமாரசாமிதான். ஆனால் அவன் வேம்பின் வேரில் உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டுமே என்று தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அத்தியாயம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, அருமை, இதைக் காட்டியே அடுத்த வருஷ உதவித்தொகைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று பேராசிரியரிடமிருந்து பதிலும் வந்தாயிற்று. என் வேண்டுகோளின்பேரில் நடத்திக் காட்டப்பட்டது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தான். அந்த மட்டும் அவன் யோக்கியன்.

அப்பா சுப்பண்ணக் கவுண்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "ஏங் கண்ணு, ஊரெல்லாம் உட்டுப்போட்டு நம்ம பண்ணையத்து ஆள் குடியிலயா உன்ற ஆராய்ச்சிய வெச்சுப் பார்க்கோணும்? மனசொடிஞ்சு அவன் வால்பாறைத் தோட்டத்துக்குக் கெளம்பிப்போட்டான்னா அந்தக் காளைகள ஆரு கட்டறது? போயி வெளையாட்டுன்னு சொல்லிப்போட்டு வா." பிரச்சினை அவருக்கு அவ்வளவுதான். சொல்லப்போனால், ஆசாரத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது குமாரசாமிக்கும் அவ்வளவுதான்.

ஐயாசாமி வாய்க்கால் மேட்டிலேயே எதிரில் வந்தார். அவரும் நன்றாகத் தூங்கி நாளாகிறது என்று முகத்தில் எழுதியிருந்தது. "நாந்தானுங்க தப்பு பண்ணிப்போட்டேன். கிள்ளுன துரும்பு கிள்ளுனதுதான்னு வளவுல பாதிப் பேரு சொல்றாங்க. காட்டறதுக்குக் கிள்ளுனது கணக்குல வருமான்னு மீதிப் பேரு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் ரோசன ஓடலீங்க." சற்று நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கூட்டம் எதுக்குக் கூடுச்சுன்னு கூட்டுனவங்கதான் சொல்லோணும். அது நம்ம வழக்கமுங்க. இன்னைக்குப் பொழுதோட வேம்படிக்கு வந்து நெசமா வெளையாட்டான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நீங்க சொல்றதுதானுங்க முடிவு."

கூட்டியவர் வார்த்தையே முடிவு என்பது குமாரசாமியின் அத்தியாயத்தில் இல்லை. இவ்வளவு கேட்டவன் அதைக் கேட்காமல் விட்டிருக்கிறான். ஐயாசாமி காட்டிய பக்கம் நடந்தான்.

கருப்பாத்தாள் அவள் ஆத்தா சாளை முன்னால் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து தள்ளி நின்றாள். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் சாட்சியைக் கேட்பதற்குப் பாடம் இருக்கிறது, இதற்கு இல்லை.

"அன்னைக்கு நடந்தது எனக்காகக் காட்டினதும்மா. உனக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியுமுங்க. அவரு காட்டறதுக்குத்தான் கிள்ளுனாரு." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "நான் காட்டறதுக்கு வாங்கலீங்க."

வலது கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே, காய்ச்சிய கரண்டி பட்ட தழும்பு நீளமாக, கறுத்துப் பளபளத்தது. அதற்குப் பக்கத்திலேயே பழையது ஒன்று. இதே கையைத்தான் அன்று பார்த்தான். துரும்பு வாங்க நீண்ட கையை, முழங்கை வரைக்கும், நல்ல வெளிச்சத்தில் பார்த்தான். பார்த்து என்ன எழுதினான்? வலது கை என்று எழுதினான்.

"கட்டிக் குடுத்த மறு வருசத்திலிருந்து பெரியதனத்துக்கிட்ட நடந்தனுங்க, ஒரு கூட்டம் கூட்டுங்கன்னு. பொம்பள கூப்புட்டாக் கூட்டம் கூடற வழக்கமில்லைன்னாங்க. எம்புருசன் கூட்டமாண்டாரு, நாங் கூப்புட்டாக் கூடாது. ஆருகிட்டப் போறதுங்க? நீங்க ஒரு வார்த்த கேட்டீங்க, பொழுது சாயறதுக்குள்ள வளவே வேம்படியில நின்னுச்சுங்க." அவள் குரல் ஏறவில்லை. "சாளைக்குப் போயி எங்காத்தா குடுத்த சட்டியையும் சொம்பையும் மூட்ட கட்டறப்ப முடிச்சே விழமாண்டேனுச்சுங்க. அதுக்குள்ள அவரு மனசு மாறிரப் போவுதுன்னு ஓடி வந்தனுங்க."

அந்த மூட்டை! நடித்துக் காட்டுகிறவர்கள்கூட மூட்டையை மறக்கவில்லை, வழக்கம் இவர்கள் ரத்தத்தில் ஊறியிருப்பதற்கு இதுவே அத்தாட்சி என்று குமாரசாமி ஒரு பத்தி எழுதியிருந்தான். பேராசிரியர் பாராட்டியதும் அந்தப் பத்தியைத்தான்.

"சிங்காநல்லூர் மில்லுல எங்கண்ணன் இருக்குதுங்க. நூல் சுத்தற எடத்துல பொம்பளைகளையும் சேர்க்கறாங்களாமா. போயிக்குவனுங்க. நீங்க வெளையாட்டுன்னு சொல்லிப்போட்டீங்கன்னா..." அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு தரம் புடைத்தாள். "இன்னொரு கூட்டம் இந்தப் பொறப்புக்கு எனக்குக் கூடாதுங்க" என்றாள்.

அன்று பகல் குமாரசாமி ஒரு வரி எழுதவில்லை. புத்தகங்களை இழுத்துப் போட்டுப் புரட்டினான். எதைப் புரட்டினாலும் ஒரே பதில்தான். இருவர் மனமும் ஒத்துச் செய்தால்தான் எந்த உடன்பாடும் செல்லும். ஒருவர் விளையாட்டாகச் செய்தது இருவரையும் கட்டாது. சென்னியப்பன் விளையாட்டாகத்தான் செய்தான். குடித்தும் இருந்தான். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் ஒரே வரியில் பதில் எழுதி முழு மார்க் வாங்கலாம். ஏழு வருஷம் படித்த படிப்பு மொத்தமும் சென்னியப்பன் பக்கம் நின்றது. சென்னியப்பன் ஒன்றும் அரக்கன் இல்லை, அதுதான் கஷ்டம். மாட்டின் மேல் தார்க்குச்சி வைக்காதவன். கள்ளு உள்ளே போனால் கைக்கு அகப்பட்டதை எடுப்பான், காலையில் அழுவான். பெண்டாட்டி இல்லாத சாளையில் அடுப்பு மூட்டத் தெரியாமல் இரண்டு வாரமாகப் பச்சைக் கம்பை மென்றுகொண்டிருக்கிறான் என்று அம்மா சொன்னாள்.

நிஜம் என்று சொன்னால் அது பொய். பொய் சொன்ன பிறகு அந்த அத்தியாயத்தை விட்டுவைக்க முடியாது. வேம்படியில் ஒன்று, லண்டனில் ஒன்று என்று இரண்டு சத்தியம் வைத்துக்கொள்ள அவனால் ஆகாது. அத்தியாயத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். பதிவு செய்யப் போனவன் தானே நடத்திவைத்துவிட்டு வந்தான் என்று பல்கலைக்கழகம் முழுவதும் சிரிக்கும். அடுத்த வருஷம் இருக்காது, பட்டமும் இருக்காது. எந்தக் கூலிக்காரிக்காகக் கிளம்பினானோ, அவளைப் போன்றவர்களுக்குக் கோர்ட்டில் காட்ட இருக்கும் ஒரே காகிதமும் போய்விடும். ஒருத்திக்காகப் பத்துப் பேரை விடுவதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கை மட்டும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது.

பொழுது இறங்கும் நேரத்துக்கு வேம்படிக்குப் போனான். அன்றைக்கு நின்ற அதே ஜனம், அதே இடத்தில். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள், அவன் உட்காரவில்லை. சென்னியப்பன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். குடிக்கவில்லை. கருப்பாத்தாள் பெண்களுக்குப் பின்னால், மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஐயாசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "கூட்டுனவங்க சொல்லோணும். அன்னைக்குக் கூட்டம் எதுக்குங்க கூடுச்சு? நெசத்துக்குங்களா, வெளையாட்டுக்குங்களா?"

கூட்டம் நான் கூட்டியது விளையாட்டுக்கு, ஆனால் அவள் வாங்கியது நிஜம் என்று முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்த இடத்தில் நின்றபோது அந்த வாக்கியத்துக்கு இங்கே இடமே இல்லை என்று தெரிந்தது. இவர்கள் கேட்டது ஒரு வார்த்தை. மூட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையை ஒரு தரம் பார்த்தான்.

"நெசத்துக்குத்தான்" என்றான்.

ஐயாசாமி கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "அப்பச் சரிங்க. அன்னைக்கு நடுவுல நிக்காம உட்டதை இன்னைக்கு நின்னு முடிச்சுக் குடுத்துருங்க, பண்ணாடி" என்றார். ஜனம் விலகி வழி விட்டது. குமாரசாமி மரத்தை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நின்றான்.

கருப்பாத்தாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிழக்கே நடந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இவனைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இட்டேரிப் பாதையின் கிளுவை வேலிக்கு மேலாக மூட்டை மட்டும் சற்று நேரம் தெரிந்தது. பிறகு கம்மங்காட்டுத் திருப்பத்தில் அதுவும் மறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. குமாரசாமி இந்த முறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேற்குப் பக்கம் திரும்பினான். சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"நட, சென்னியப்பா" என்றார் ஐயாசாமி மெதுவாக.

அவன் காதில் அது விழவில்லை. குமாரசாமியைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "ஏனுங்க பண்ணாடி, சும்மா காட்டறதுக்குன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

ஜனம் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. ஐயாசாமியும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார். பண்ணையத்துப் பக்கமிருந்து, கட்ட ஆளில்லாமல் காளைகள் கத்துவது கேட்டது. சென்னியப்பன் அந்தச் சத்தத்துக்கும் அசையவில்லை. அவன் மேற்கே நடந்து கண்ணுக்கு மறையும் வரைக்கும் குமாரசாமி நிற்க வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. வெறும் தரையில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.